இருநூற்று எண்பது கிராம்

கார்ட்டர்டனில் புத்தகக் கடையின் பின்மூலை,
தபால் கவுன்ட்டர் என்னுடையது.
கடை பூட்டிய பிறகு பார்சல் தராசில்
என் மலைப்பையைப் பிரித்து
ஒவ்வொன்றாக நிறுப்பேன்.
பல்துலக்கியின் காம்பைப் பாதியில் அறுத்தாயிற்று.
வரைபடத்தில் நான் போகாத பக்கத்தைக்
கிழித்தாயிற்று.
தேயிலைப் பைகளின் நூலைக்கூட விடவில்லை.

அந்த ஆரஞ்சுச் சட்டை மட்டும்
ஒன்பது வருஷமாகச் சும்மா கூடவே வந்தது.
செயற்கைப் பஞ்சு, வெங்காயத் தோல் மாதிரித் துணி.
கசக்கித் திணித்தால் ஒரு காலுறைக்குள் அடங்கும்.
நடக்கும்போது போட முடியாது, வேர்க்கும்.
குடிலில் போட வேண்டியதில்லை, அடுப்பு எரியும்.
தேவைப்படவே கூடாது என்று
வேண்டிக்கொண்டு சுமக்கிற சாமான்.
ஒவ்வொரு கோடையிலும் தராசில் வைத்து,
இந்தத் தடவை விட்டுவிடலாமா என்று
அதனிடமே கேட்பேன்.
இருநூற்று எண்பது, இருநூற்று எண்பது
என்று அதே பதில்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம்
டராருவா முகட்டில்
காற்று தெற்கே திரும்பியது.
தர்ப்பை போல உயர்ந்த புல் எல்லாம்
ஒரே பக்கம் படுத்தது.
மூடுபனியில் மூன்றாவது கம்பத்தடியில்
யாரோ உட்கார்ந்திருந்தான்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல.

பருத்தி மேல்சட்டை, பிழிந்தால் அரை வாளி.
மான் தட்டுப்படுகிறதா பார்த்துவிட்டு
பத்து நிமிஷத்தில் திரும்பலாம் என்று வந்தானாம்.
கோட்டு குடிலில்
ஆணியில் தொங்குகிறதாம்.
பெயர் மனாஹி.
அதைச் சொல்ல மூன்று முறை முயன்றான்.

தந்தி ஒழிந்து எத்தனையோ காலமாயிற்று,
அவன் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.
அடிக்கட்டும்.
நின்றால்தான் கவலை.

நனைந்ததை நான்தான் உரித்தேன்,
அவன் விரல்கள் மடங்கவில்லை.
என் அளவுச் சட்டை அந்தத் தோளில் எங்கே ஏறும்?
ஆஸ்பத்திரி அங்கியைப் போல
முன்பின்னாக மாட்டினேன்.
கைகள் முழங்கையோடு நின்றன.
முதுகில் ஜிப் திறந்தபடி ஒரு சாண் இடைவெளி.
அதைத்தான் தேடி வந்தது காற்று.

வேறு வழி?
என் முதுகை அதில் அடைத்தேன்.
பெரிய பிளாஸ்டிக் பையை
இருவர் தலைக்கும் மேலே இழுத்தேன்.
ஆபத்துக்குப் பாவமில்லை.

சட்டைக்குச் சொந்தச் சூடு கிடையாது.
போட்டதைப் பத்திரமாக வைத்திருக்கும், அவ்வளவே.
தபால் பெட்டி கடிதம் எழுதுமா?
ஆகவே ஆரஞ்சுப் பொடி, ஐந்து கரண்டி சர்க்கரை,
பைக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்த அடுப்பில்
கொதிக்காத வெந்நீர்.
பாதி அவன் தாடியில்.
உலர்ந்த திராட்சையைக் கணக்கில்லாமல் ஊட்டினேன்,
ஒவ்வொரு கிராமாகக் கணக்குப் பார்க்கிறவள்.

கொஞ்ச நேரம் கழித்து,
"உன் எலும்பு குத்துகிறது" என்றான்.
முழு வாக்கியம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
என் முதுகு குலுங்கியதை அவன்
நடுக்கம் என்று நினைத்து
இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

அப்புறம் பேசிக்கொண்டே இருந்தான்.
துப்பாக்கி மச்சானுடையது,
எங்கே வைத்தேன் என்று நினைவில்லை,
கொன்றுவிடுவான்.
கொல்லட்டும் என்றேன்,
குடிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.
இருட்டுவதற்குச் சற்று முன்
தோல்மரப் புதர்களில் கிழிபட்டுக்கொண்டு
இறங்கினோம்.
வலது கையிலிருந்து பஞ்சு பறந்தது.

ஜூனில் ஒரு பார்சல்,
என் கவுன்ட்டருக்கே வந்தது.
துவைத்து மடித்த சட்டை.
கிழிசல் மேல் நீல டேப், கோணல்மாணலாக.
கடிதம் இல்லை.
பையில் ஆரஞ்சுப் பொடிப் பொட்டலம் ஒன்று.

பொட்டலத்தை எடுத்துவிட்டு நிறுத்தேன்.
இருநூற்று எண்பத்தாறு.
பஞ்சு குறைந்திருக்க வேண்டும்,
டேப் கூட்டியிருக்க வேண்டும்,
எது எவ்வளவு என்று தராசு சொல்லாது.
பட்டியலில் பழைய எண்ணை அடித்துப்
புதியதை எழுதினேன்.

தபால்தலை இரண்டு டாலர் குறைவாக ஒட்டியிருந்தான்.
விதிப்படி வாங்குபவர் கட்ட வேண்டும்.
கட்டினேன்.
ரசீதும் கிழித்து எனக்கே கொடுத்தேன்.